ஜீன் லிஸ்ட் முடிஞ்சாச்சு, புரோட்டீன் லிஸ்ட் ஏன் இன்னும் முடியல?

ஒயிட்ஃபீல்டு_வாசி | வியாழன் இரவு 10:42

வணக்கம் மக்களே. பதிமூணு வருஷம் பேங்க் சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டினவன். போன மாசம் ஒரு பயாலஜி டேட்டா டீமுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க. பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், தவளையைக்கூட அறுத்ததில்ல. கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கோங்க.

மனுஷ ஜீனோம் (மொத்த டிஎன்ஏ வரிசை) வரைவு 2001-ல வந்துச்சு. 2003-ல முடிஞ்சதுன்னு சொன்னாங்க. அப்பவும் விட்டுப்போன இடங்களை 2022-ல நிரப்பிட்டாங்க. அதுல புரோட்டீன் செய்யற ஜீன் ஏறக்குறைய 20,000. சரி, 20,000 ஜீன்னா 20,000 புரோட்டீன், எக்செல்ல ஒரே ஒரு ஷீட். ஜீனோம் சோர்ஸ் கோட், புரோட்டியோம் (மொத்தப் புரோட்டீனும் சேர்ந்தது) அதுல இருந்து கட்டி எடுக்கற பில்டு. சோர்ஸ் முழுசா கையில இருக்கறப்போ பில்டு மட்டும் ஏன் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு?

இதை இன்னிக்கு மீட்டிங்ல கேட்டேன். எங்க லீட் மேடம் திருப்பிக் கேட்டாங்க: "எந்த செல்லோட புரோட்டியோம்? எத்தனை மணிக்கு?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன். ஜோக் என்னன்னு யாராச்சும் சொல்லுங்க.

டபுள்_டீ | இரவு 10:51

முடிச்சுட்டா ஃபண்டு நின்னுடும் ப்ரோ. நம்ம பெங்களூரு சில்க் போர்டு ஜங்ஷன்ல வேலை நடக்கற மாதிரிதான் இதுவும்.

மல்லேஸ்வரம்_பெரிசு | இரவு 11:05

தம்பி, முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். புரோட்டியோம் என்ற சொல் பிறந்ததே 1994-ல்தான். ஆஸ்திரேலியாவில் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த மார்க் வில்கின்ஸ், 'ஒரு ஜீனோம் வெளிப்படுத்துகிற புரதங்கள் எல்லாம்' என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப் போய், புரோட்டீனின் தலையையும் ஜீனோமின் வாலையும் ஒட்டிவிட்டார். இத்தாலியின் சியெனா நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் அதைச் சொல்லியும் விட்டார். சோம்பலில் பிறந்த நல்ல சொற்களில் அதுவும் ஒன்று.

தமிழில் புரதத்தொகுதி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொகுதி என்றதும் எம்எல்ஏ முகம்தான் வருகிறது. எட்டுத்தொகை மாதிரி புரதத்தொகை என்று வைத்துக்கொண்டால் என்ன?

டபுள்_டீ | இரவு 11:07

பேர் வச்சாச்சு. சோறு வைங்க.

ஜெல்_ஓட்டுபவள் | இரவு 11:38

ஒம்பது வருஷமா மாஸ் ஸ்பெக் (மூலக்கூறோட எடையை அளக்கற) மெஷின் பக்கத்துலயே குடித்தனம் பண்றவ நான். என்னால முடிஞ்சதைச் சொல்றேன்.

அண்ணா, உங்க சோர்ஸ் கோட் உவமை பாதி தூரம்தான் வரும். ஜீன்ல இருந்து எடுத்த ஆர்என்ஏ நகலை செல் வெட்டி ஒட்டும். எந்தத் துண்டை வச்சுக்கணும், எதைத் தூக்கிப் போடணும்ங்கறது திசுவுக்குத் திசு மாறும். அதனால ஒரே ஜீன்ல இருந்து ரெண்டு மூணு நீளத்துல புரோட்டீன் வரும். வந்தப்புறமும் சும்மா விடாது. பாஸ்பேட்டை ஒட்டும், சர்க்கரையை ஒட்டும், முனையை நறுக்கும். இப்படி வர்ற ஒவ்வொரு உருவத்தையும் புரோட்டியோஃபார்ம்னு சொல்வோம். அதையெல்லாம் எண்ண ஆரம்பிச்சா 20,000 எங்கயோ கீழ நின்னுடும்.

லீட் மேடம் அடிச்ச ஜோக் இதுக்கு அடுத்த படி. ஜீனோம் உங்க உடம்புல எந்த செல்லைக் கீறினாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். புரோட்டியோம் அப்படி இல்ல. ஈரல் செல் ஆல்புமினா செஞ்சு ரத்தத்துல கொட்டும். கண் லென்ஸ் கிரிஸ்டலினா குவிச்சு வச்சிருக்கும். அதே ஈரலை சாப்பாட்டுக்கு முன்னாடி பாருங்க, பின்னாடி பாருங்க, அளவெல்லாம் மாறியிருக்கும். அதான் "எத்தனை மணிக்கு?"

இதுல யாரும் வெளிய சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. நாங்க பெரும்பாலும் முழு புரோட்டீனைப் பார்க்கறதே இல்ல. டிரிப்சின்னு ஒரு நொதி, பன்றிக் கணையத்துல இருந்து எடுப்பாங்க. அது லைசின், ஆர்ஜினின்னு ரெண்டு அமினோ அமிலத்துக்குப் பக்கத்துல மட்டும் வெட்டும். ராத்திரி முழுக்க 37 டிகிரில ஊறவிட்டு, துண்டானதை மெஷினுக்குள்ள மின்சாரம் பாய்ச்சித் தெளிப்போம். இப்படிப் பெரிய மூலக்கூறை உடையாமப் பறக்க விடற வித்தைக்குத்தான் ஜான் ஃபென்னுக்கும் கோயிச்சி டனாகாவுக்கும் 2002-ல நோபல் பரிசுல பங்கு கிடைச்சுது. துண்டோட எடையை அளந்து, ஜீனோம்ல இருந்து கணக்குப் போட்ட லிஸ்டோட ஒப்பிட்டு, இது இன்ன புரோட்டீனா இருக்கணும்னு சொல்வோம். முறுக்கை நொறுக்கி, தூளோட எடையை வச்சு இது எந்தக் கடை முறுக்குன்னு சொல்ற வேலை.

வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பர்ல ஒரு கூத்து. நம்ம ஊர் குளிர் தெரியும்ல, அம்மா பின்னின கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, முழங்கை வரைக்கும் இழுத்து விட்டு, எலி ஈரல் புரோட்டீன் இருக்கற ஜெல்லை பிளேடால துண்டு துண்டா நறுக்கி டியூப்ல போட்டேன். நாலு நாள் வேலை. ரிசல்ட்ல எலி ஈரல் புரோட்டீனுக்கு மேல, முதல் வரியில செம்மறியாட்டு கெரட்டின், அதாவது கம்பளி முடியோட புரோட்டீன், உக்காந்திருக்கு! அடுத்த வரி மனுஷ கெரட்டின், அது என் தலைமுடியும் தோலும். ஸ்வெட்டர் அன்னிக்கே பீரோவுக்குப் போச்சு. இன்னிக்கும் லேப்ல புதுசா யார் வந்தாலும் முதல் பாடம் அந்த ஆடுதான்.

இரவுப்பணி_டாக்டர் | நள்ளிரவு 12:20

டியூட்டில இருக்கேன், சுருக்கமா. மேடம் சொன்ன "ஒட்டற சர்க்கரை" உங்க எல்லார் வீட்டு ஃபைல்லயும் இருக்கு. அப்பாவுக்கு எடுக்கற "மூணு மாச சுகர்" டெஸ்ட், ஹெச்பிஏ1சி. சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, புதுசா புரோட்டீன் செஞ்சுக்க முடியாது. சுமார் 120 நாள் அதே ஹீமோகுளோபினோட ஓட்டணும். ரத்தத்துல சர்க்கரை கூடக் கூட அந்த ஹீமோகுளோபின்ல போய் ஒட்டிக்கும், நொதி எதுவும் தேவையில்ல. எத்தனை சதவீதத்துல ஒட்டியிருக்குன்னுதான் டெஸ்ட் சொல்லுது. இவரோட ஜீனைப் பார்த்தா ஹீமோகுளோபின் செய்வார்னு தெரியும். தீபாவளிக்கு எத்தனை லட்டு உள்ள போச்சுன்னு ஜீன்ல எழுதியிருக்காது.

இன்சுலினும் அப்படித்தான். ஜீன் சொல்றபடி வர்றது 110 அமினோ அமிலம். முன்னாடி 24 போயிடும். நடுவுல இருந்து 31 நீளத்துல சி-பெப்டைடு தனியா கழண்டுக்கும், அதை ஒட்டியிருந்த 4-ம் போயிடும். மிச்சம் நிக்கற இன்சுலின் 51 தான், ரெண்டு சங்கிலியா. வெளியில இருந்து இன்சுலின் போட்டுக்கற பேஷண்ட்டுக்குச் சொந்தக் கணையம் எவ்வளவு வேலை பாக்குதுன்னு தெரியணும்னா சி-பெப்டைடைத்தான் அளப்போம். ஊசி மருந்துல அது இருக்காது. எக்செல்ல ஒரு வரி, உடம்புல ரெண்டு சரக்கு.

ஒயிட்ஃபீல்டு_வாசி | வெள்ளி காலை 8:15

பஸ்ல உக்காந்து படிச்சேன், நன்றி மேடம், நன்றி டாக்டர். ஆனா விடமாட்டேன். நறுக்கறது, ஒட்டறது, சர்க்கரை எல்லாத்தையும் மேல்வேலைன்னு ஓரமா வைங்க. 20,000 ஜீன்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு புரோட்டீனாவது கண்ணுல பட்டாச்சா? அந்த லிஸ்டாவது முடிஞ்சுதா? ஆமாவா இல்லையா?

ஜெல்_ஓட்டுபவள் | காலை 9:40

இல்ல.

நீங்க ஐடிபிஎல் பக்கம்தானே வேலை பாக்கறீங்க? அப்ப உங்க வாசல்லயே நடந்த கதை இது. 2014 மே மாசம் நேச்சர் இதழ்ல ஒரே நாள்ல மனுஷப் புரோட்டியோமுக்கு ரெண்டு வரைவு வந்துச்சு. ஒண்ணு ஜெர்மனி மியூனிக்ல பெர்ன்ஹார்ட் குஸ்டர் குழு. இன்னொண்ணு அகிலேஷ் பாண்டே தலைமையில ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் நம்ம ஒயிட்ஃபீல்டு டெக் பார்க்ல இருக்கற இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் சேர்ந்து செஞ்சது. 17 பெரியவங்க திசு, 7 கரு திசு, 6 வகை ரத்த செல், மொத்தம் 30 மாதிரி. 17,294 ஜீனுக்கு புரோட்டீன் பார்த்துட்டோம்னாங்க, ஏறக்குறைய 84 சதவீதம். பெங்களூருன்னு நேச்சர்ல பார்த்தப்போ எங்களுக்கெல்லாம் கொஞ்சம் தலைக்கனமே வந்துச்சு, ஒளிக்க மாட்டேன்.

அந்த வருஷமே ஸ்பெயின்ல இருந்து ஒரு குழு ரெண்டு டேட்டாவையும் எடுத்துக் கிண்டிப் பார்த்துச்சு. கேட்ட கேள்வி ரொம்ப எளிமை: மூக்குக்குள்ள வாசனை பிடிக்கற ரிசப்டார் புரோட்டீன்கள் லிஸ்ட்ல இருக்கே, நீங்க மூக்குத் திசுவையே எடுக்கலையே, எப்படி? நூத்துக்கணக்குல இருக்கற குடும்பம் அது, பொதுவா மாஸ் ஸ்பெக்குக்கு மாட்டாத ஆளுங்க. துண்டு சின்னதா இருந்து, மெஷின் வரையற கோட்டுப்படம் (ஸ்பெக்ட்ரம்) மங்கலா இருந்தா, மெஷின் பக்கத்துல பொருந்தற ஏதோ ஒரு பேரைச் சொல்லிடும். லட்சக்கணக்கான துண்டுல நூத்துக்கு ஒண்ணு தப்பானாலும், அந்தத் தப்பெல்லாம் போய் உக்கார்ற இடம் இந்த மாதிரி காலி நாற்காலிங்கதான்.

அப்புறம் விதியை இறுக்கினாங்க. ஒரு புரோட்டீனைப் பார்த்தோம்னு சொல்லணும்னா, அதுக்கு மட்டுமே உரிய ரெண்டு வேற வேற துண்டு வேணும், ஒவ்வொண்ணும் குறைஞ்சது 9 அமினோ அமிலம். அந்த அளவுகோலை வச்சு சர்வதேச மனிதப் புரோட்டியோம் திட்டம் 2020-ல அறிவிச்சது 90.4 சதவீதம். மிச்சத்துக்கு நாங்க வச்சிருக்கற பேர் "காணாமப் போனவங்க".

டபுள்_டீ | காலை 9:52

மூக்கே இல்லாம வாசனை பிடிச்சிருக்காங்க. நான் சொன்னா ஃபண்டு, நீங்க சொன்னா சயின்ஸ். அது சரி, ஆறு வருஷத்துல 84-ல இருந்து 90. 500டி பஸ்ஸே பரவால்ல.

ஜெல்_ஓட்டுபவள் | காலை 10:03

தம்பி, அந்த 84-ஐயும் இந்த 90-ஐயும் ஒரே தராசுல வைக்காதீங்க. நடுவுல படிக்கல்லையே மாத்திட்டாங்கன்னுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்? தப்பைக் கண்டுபிடிச்சதும் அதே துறை ஆளுங்கதான்.

மல்லேஸ்வரம்_பெரிசு | காலை 11:30

காணாமல் போனவர்கள் என்றதும் பரிபாடல் நினைவுக்கு வந்துவிட்டது. மொத்தம் 70 பாட்டு என்று பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது. முழுதாக நம் கைக்கு வந்தவை 22. மற்றவை இருந்தன என்பதற்கு உரைகளில் துண்டுதுண்டாக மேற்கோள் உண்டு. பட்டியல் இருக்கிறது, பாட்டு இல்லை. ஆனால் ஏடு செல்லரித்துப் போனது வேறு, பாட்டு எழுதப்படவே இல்லை என்பது வேறு. மேடம், உங்கள் காணாமல் போனவர்கள் இதில் எந்த வகை?

ஜெல்_ஓட்டுபவள் | மதியம் 1:10

ரெண்டும் இருக்கு சார். சிலது கருவுல சில நாள் மட்டும் வந்துட்டுப் போகும், அந்த நாள்ல யார் திசு குடுப்பா? சிலது விந்தகத்துல மட்டும்தான் வரும். வேற எங்கயும் தலைகாட்டாத புரோட்டீன்கள் அதிகமா இருக்கற உறுப்புகள்ல அது ஒண்ணு, சிரிக்காதீங்க. சிலது ரொம்பக் கம்மி. ரத்த பிளாஸ்மாவுல பாதிக்கு மேல ஆல்புமின் ஒண்ணே அடைச்சுக்கும். நோய் எதிர்ப்பு செல்லுங்க சேதி அனுப்பற இன்டர்லியூகின் மாதிரி சமாச்சாரம் அதைவிட நூறு கோடி மடங்குக்கும் கீழ. மெரினா மணல்ல மூக்குத்தி தேடற கதை. சில ஜீன் புரோட்டீனே செய்யாம இருக்கலாம், லிஸ்ட்ல தப்பா ஏறியிருக்கும்.

இன்னொரு வகையும் இருக்கு. ஏராளமா இருக்கும், கண்ணு முன்னாடி இருக்கும், எங்க மெஷினுக்கு மட்டும் தெரியாது. அதுக்கு நல்ல உதாரணம் சட்டுனு வாயில வரல.

பட்டுநூல் | மதியம் 2:25

நேத்துலேர்ந்து சில்க் போர்டை வச்சு ஜோக் அடிக்கறீங்க. உங்களுக்கு அது டிராஃபிக், எங்க குடும்பத்துக்கு சோறு. எங்க தாத்தா சேலத்துல இருந்து ராமநகரம் வந்து, பட்டுக்கூட்டுல இருந்து நூல் எடுக்கற ரீலிங் போட்டவர். நான் இப்போ சிக்பேட்டைல நூல் வியாபாரம். பத்தாவதுதான் படிச்சேன், ஆனா ஒரு கேள்வி இருக்கு.

மார்க்கெட்ல கூட்டை வாங்கறப்போ காதுகிட்ட வச்சு ஆட்டுவோம். உள்ள கூட்டுப்புழு தனியா உருள்ற சத்தம் கேக்கணும். சத்தம் இல்லேன்னா உள்ளயே செத்து ஒட்டிக்கிச்சு, விலை அரை. நல்ல கூட்டை ஆவில வச்சு, சுடுதண்ணில போட்டு, நுனி பிடிச்சா ஒரே இழையா நூத்துக்கணக்கான மீட்டர் வரும். ஆவில வைக்காம விட்டா பூச்சியாகி வெளிய வந்துடும். அதுக்குத் தின்ன வாய் கிடையாது, பேருக்குத்தான் இருக்கும். ஆனா ஒரு சொட்டுத் தண்ணி விடும். கூட்டோட ஒரு முனை நனைஞ்சு இளகும், முட்டிட்டு வெளிய வரும். அந்த ஓட்டைக் கூடு எங்களுக்கு ரீலிங்குக்கு ஆகாது.

இப்ப கேள்வி. புழுவுக்கும் பூச்சிக்கும் ஜீன் ஒண்ணுதான். புழுகிட்ட பட்டு இருக்கு, அந்தத் தண்ணி இல்ல. பூச்சிகிட்ட அந்தத் தண்ணி இருக்கு, பட்டுச் சுரப்பி கரைஞ்சே போயிருக்கு. அப்ப பட்டுப்பூச்சியோட புரோட்டீன் லிஸ்ட்னு எதை எழுதுவீங்க? இன்னொண்ணு, சின்ன வயசுலேர்ந்து இருக்கற சந்தேகம்: அந்தத் தண்ணி பட்டுமேல இருக்கற பசையை மட்டும் கரைக்குது, பட்டை ஒண்ணும் பண்றதில்ல. எப்படி?

ஜெல்_ஓட்டுபவள் | மதியம் 3:02

அண்ணே! சாப்பாட்டு டப்பாவை மூடி வச்சுட்டு எழுதறேன். நான் தேடின உதாரணம் உங்க கடையில இருக்கு.

நீங்க சொன்ன தண்ணில இருக்கறது கொக்கூனேஸ்னு ஒரு நொதி. அது யாரு தெரியுமா? டிரிப்சினோட உறவுக்காரன். நான் ராத்திரி முழுக்க டியூப்ல ஊறவைக்கற அதே வகையறா. அதுக்கும் வெட்ட லைசின், ஆர்ஜினின் வேணும். உங்க பசை, நாங்க செரிசின்னு சொல்றது, அதுல அந்த ரெண்டும் இருக்கு. பட்டு இழையா நிக்கறது ஃபைப்ராயின். அதோட பெரிய சங்கிலி 5,000 அமினோ அமிலத்துக்கு மேல நீளம். ஆனா உள்ள எழுதியிருக்கறது பெரும்பாலும் கிளைசின், அலனைன், கிளைசின், அலனைன், கிளைசின், செரின்... ஸ்லோகம் மாதிரி திரும்பத் திரும்ப அதேதான். ரெண்டு முனையை விட்டா வெட்ட இடமே தேடணும். உங்க பூச்சி செங்கல்லைத் தொடாம நடுவுல இருக்கற சிமெண்டை மட்டும் கரைச்சுட்டு வெளிய வருது.

எங்க லேப்ல ஒரு தடவை ஒரு மாணவன் பசை போக்கின சுத்தமான பட்டை உப்புக் கரைசல்ல கரைச்சு, வழக்கம்போல டிரிப்சின் போட்டு ஓட்டினான். டியூப்ல இருந்தது அத்தனையும் பட்டு. ரிப்போர்ட்ல முதல் பேர் மனுஷ கெரட்டின்! ஃபைப்ராயின் எங்கயோ கீழ, முனைத் துண்டு ரெண்டே ரெண்டு. பையன் அழாத குறை. அப்புறம் கைமோடிரிப்சின்னு வேற நொதி, அது டைரோசின் பக்கம் வெட்டும், அதைப் போட்டதும் மளமளன்னு வந்துச்சு. பட்டு அதே பட்டுதான், நாங்கதான் கத்திரியை மாத்தினோம்.

முதல் கேள்விக்கு: ரெண்டும் எழுதணும். ஜீனோம் செய்ய முடிஞ்சது எல்லாம் ஒரு லிஸ்ட், அதுல பட்டும் உண்டு, கொக்கூனேஸும் உண்டு. இந்தப் புழு இன்னிக்குச் செய்யறது வேற லிஸ்ட். ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சதுதான் ஒயிட்ஃபீல்டு அண்ணனைக் குழப்புது. வில்கின்ஸ் மேல எனக்கு இருக்கற ஒரே வருத்தம் இது.

டபுள்_டீ | மாலை 4:18

சரி, ஒத்துக்கறேன், இது நல்லா இருக்கு. ஆனா இப்பதான் ஏஐ வந்து எல்லா புரோட்டீனையும் முடிச்சுடுச்சே, 2024-ல நோபலும் குடுத்தாச்சு. இன்னும் எதுக்குக் கத்திரி?

மல்லேஸ்வரம்_பெரிசு | மாலை 5:00

நீங்கள் சொல்லும் ஏஐ, ஆல்ஃபாஃபோல்ட், சொல்வது உருவத்தை. இந்த வரிசையில் அமினோ அமிலம் கோத்தால் இப்படி மடங்கும் என்கிறது. உங்கள் ஈரலில் இந்த நிமிடம் அது இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, சர்க்கரை ஒட்டியிருக்கிறதா என்று அதைக் கேட்டால் விழிக்கும். உருவம் சரியா என்று பார்க்க இன்றைக்கும் எடுத்து வைப்பது ராமச்சந்திரன் வரைபடம். 1963-ல் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் போட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பலாம், எங்கே அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்ற கணக்கு. பிறகு 1970-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். மல்லேஸ்வரத்திலிருந்து நடந்தே போகலாம்.

ஒயிட்ஃபீல்டு_வாசி | இரவு 9:20

ஆபீஸ்ல இன்னிக்கு எங்க டேபிளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியும் ஒரு புரோட்டீன், ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு திசு. பார்க்காத இடத்துல எல்லாம் யாரோ சைபர் போட்டு வச்சிருக்காங்க. நேத்து வரைக்கும் எனக்கு அது தப்பாவே தெரியல. பேங்க்ல அக்கவுண்ட்ல பணம் இல்லேன்னா சைபர், அக்கவுண்ட்டே பார்க்கலேன்னா காலி. ரெண்டையும் குழப்பினா ஆடிட்ல வேலை போயிடும். இங்க பட்டுக்கும் சைபர், நிஜமாவே இல்லாததுக்கும் சைபர்.

லீட் மேடம்கிட்ட சொன்னேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்தத் திசு, எத்தனை மணி, எந்த நொதின்னு மூணு நெடுவரிசை கூட வேணும், பார்க்காததைக் காலியா விடணும்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கல. "பழைய டேட்டா முழுக்க யார் திருத்தறது?"ன்னு கேட்டாங்க. கை தூக்கிட்டேன், தீபாவளி லீவு போச்சு.

டபுள்_டீ | இரவு 9:31

ஃபண்டு கேளுங்க ப்ரோ.

ஜெல்_ஓட்டுபவள் | இரவு 9:45

பட்டுநூல் அண்ணே, புதுசா வந்த பசங்களுக்கு ஆட்டுக் கெரட்டின் கதையோட இதையும் காட்டலாம்னு இருக்கேன். கொஞ்சம் கூடு கிடைக்குமா? காசு குடுத்துடறேன்.

பட்டுநூல் | இரவு 10:02

காசெல்லாம் வேணாம் மேடம். திங்கக்கிழமை ராமநகரம் போறேன். ஓட்டை விழுந்ததா, விழாததா?

ஜெல்_ஓட்டுபவள் | இரவு 10:04

ரெண்டும் வேணும். ஓட்டை விழுந்ததைக் கையால தொடாம கவர்ல போட்டுக் குடுங்க, ஸ்வெட்டர் போட்டிருந்தா கழட்டிட்டு.